நனைந்த மரமென்றால் அட்டவணை ஆறு

தம்பெரேயில் நவம்பர் மாதம்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
நூலகத்தின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை.
வாடகை இல்லை.
ஒன்பதுக்குள் நாற்காலிகளை அடுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டத்தின் விதிநூல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
கதவை உடைக்க மட்டும் ஓர் அத்தியாயம்:
என்ன மரம், கீல் எந்தப் பக்கம்,
மோதுவது வலது தோளா இடது தோளா,
நனைந்த மரமென்றால் அட்டவணை ஆறு,
ஆறில் நட்சத்திரக் குறி இருந்தால்
பின்னிணைப்பு.
ஒரு கதவு உடைவதற்குள்
வெய்க்கோ இரண்டு முறை காபி ஊற்றிக்கொள்வான்.
உள்ளே காத்திருந்த பூதம்
தூங்கிப் போயிருக்கும்.

சிர்க்கா வந்தாள்,
வெள்ளைக்கோலின் நுனியில் பனிச்சேற்றோடு.
வரி அலுவலகத்தில் வேலை என்றாள்.
பிறவியிலிருந்தே பார்வை இல்லை,
காபிக்குச் சர்க்கரை வேண்டாம்,
இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்.

அன்றிரவே உட்கார்ந்து வெட்டினேன்.
மரத்தை எடுத்தேன், கீலை எடுத்தேன், தோள்களை எடுத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு ஒரே பக்கமாயிற்று:
ஆறு முகப் பகடை ஒன்று.
நாலோ அதற்கு மேலோ விழுந்தால் நடக்கும்.
என் பெருந்தன்மையை
நானே இரண்டு முறை வாசித்துவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அவளுடைய வீரன் கதவின் முன் நின்றான்.
"என்ன மரம்?"
"அதெல்லாம் எடுத்துவிட்டேன். உருட்டு."
ஐந்து. திறந்தது.
அடுத்த கதவு. நாலு. திறந்தது.
அகழி. ஆறு. தாண்டினான்.
எட்டரைக்குப் பகடையைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள்.
"யாருக்காக எடுத்தாய்?"

வெப்பக்குழாய் மட்டும் ஏதோ முனகியது.

"பகலெல்லாம் என் வேலை என்ன தெரியுமா?
ஒருவன் தன் படகைத் தங்கைக்கு வாடகைக்கு விடுகிறான்.
தங்கை அதில் மீனும் பிடிக்கிறாள்,
கோடையில் சுற்றுலாக்காரரையும் ஏற்றுகிறாள்.
விதிவிலக்குக்கு ஒரு விதிவிலக்கு,
அதற்கோர் அடிக்குறிப்பு.
அந்தக் கட்டடத்தில் நான் பார்க்காத அறை இல்லை.
உன் நூல் கனமென்று நான் சொன்னேனா?
அச்சில் இருந்தது, எட்டவில்லை.
படி உயரமாகவே இருக்கட்டும்,
கைப்பிடி எங்கே என்றுதான் கேட்க வந்தேன்.
நீ மாடியையே இடித்துவிட்டாய்.
விதியை எல்லாம் எடுத்துவிட்டால்
மிஞ்சுவது வெறும் விதிதான்."

வெய்க்கோ கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.
அப்போது இல்மரி, அதிகாலை ரொட்டி சுடுகிறவன்,
பதினோரு வருடமாக எங்களோடு ஆடுகிறவன்,
மேசையிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"எனக்கு அந்த ஒரு பக்கம் பிடித்திருந்தது.
அட்டவணை ஆறு எனக்குப் புரிந்ததே இல்லை.
நீங்கள் தலையாட்டும்போது நானும் ஆட்டுவேன்."

நாற்காலிகளை அடுக்க அன்று தாமதமாயிற்று.
காவலர் இரண்டு முறை விளக்கை அணைத்துப் போட்டார்.

குளிர்காலம் முழுக்க நூலை உரக்க வாசித்துப் பதிவு செய்தேன்.
கதவு அத்தியாயத்துக்கு நாலு இரவு.
கண் தாண்டிப் போன வாக்கியங்களில்
நாக்கு இடறியது.
முப்பத்தொரு இடத்தில் நூலுக்கே
என்ன சொல்கிறோமென்று தெரியவில்லை.
அவற்றை மட்டும் அடித்தேன்.

இப்போது இல்மரி, "தோளால் மோதுகிறேன்" என்பான்.
சிர்க்கா, கூரையை நோக்கி முகம் தூக்கி,
"பைன். மழையில் நனைந்தது. கீல் உன் பக்கம்.
பதின்மூன்று வேண்டும்" என்பாள்.
அவன் இருபது முகப் பகடையை உருட்டுவான்,
அவள் விரலால் அதன் பள்ளத்தைத் தடவி எண் சொல்வாள்.
சில சமயம் அவள் கணக்கு தப்பும்.
எங்களில் யாரும் திருத்துவதில்லை, எங்களுக்குத் தெரியாது.

மார்ச்சில் ஒருநாள், சுரங்கத்தின் கடைசி வாசல்.
இரும்புப் பட்டை, கருவாலி மரம், பின்னிணைப்பு மூன்று.
சிர்க்கா கணக்கைத் தொடங்கிவிட்டாள்.
வெய்க்கோ காபிக்கு எழுந்துவிட்டான்.
"ஒரு நிமிடம்," என்றான் இல்மரி,
"பூட்டியிருக்கிறதா?"

பதினோரு வருடத்தில்
அதை யாரும் கேட்டதில்லை.
என் குறிப்புத்தாளைப் புரட்டினேன்.