பௌர்ணமி சர்வீஸ்

டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
என் பலகை. பச்சையம்மா டிராவல்ஸ்.
சாலையைத் தாண்டினால் துளுக்காணத்தின் பலகை.
காலையில் மேலூர், உச்சியில் ஒற்றியூர்,
சாயங்காலம் முல்லைவாயல்:
ஒரே பௌர்ணமியில் மூன்று அம்மனையும் பார்த்துவிட்டால்
நினைத்தது நடக்கும் என்பார்கள்.
நான் நினைத்ததெல்லாம்
பதினேழு சீட்டும் நிறைய வேண்டும் என்பதுதான்.

முதலில் நானூற்றைம்பது வாங்கினேன்.
அவர் வந்து நானூறு என்றார்.
நான் முந்நூற்றைம்பது, கூடவே புளியோதரை.
அவர் அதே விலைக்கு ஏசி.
நான் ஏசியும் புளியோதரையும் முந்நூறு.
ஆடி பிறந்தபோது இருவரும்
நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றிருந்தோம்,
கழுத்தளவுத் தண்ணீரில்
யார் முதலில் கரையேறுவது என்று
ஒருவரையொருவர் பார்த்தபடி.

என்ன செய்வது,
அவர் அம்மனும் என் அம்மனும் ஒரே அம்மன்.
அவர் வேனும் என் வேனும்
மணலி ரோட்டில் ஒரே கன்டெய்னர் லாரிக்குப் பின்னால்
ஒரே முக்கால் மணி நேரம் நிற்கும்.
பிறகு எதைப் பார்த்து ஜனம் ஏறும்?
பலகையில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான்.

அன்று இரவு கணக்கு எழுதினேன்.
வந்தது மூவாயிரத்து முந்நூற்று எண்பத்து மூன்று.
டீசல் ஆயிரத்து நூறு.
டிரைவர் அஸ்லாமுக்குப் படி ஆயிரம்.
சோறு ஆயிரத்து இருபது.
பார்க்கிங் நூற்றைம்பது.
மிச்சம் நூற்றுப் பதிமூன்று ரூபாய்.
வேன் தவணைக்காரனுக்குப் பௌர்ணமி தெரியாது,
அவனுக்கு ஐந்தாம் தேதிதான் தெரியும்.

தேரடி டீக்கடையில் சமாதானம் பேசினோம்.
"இன்னாத்துக்குமா நமக்குள்ள அடிச்சிக்கணும்,
ரெண்டு பேரும் நானூறுன்னு வெச்சிக்கலாம்."
டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
நானூறு என்று பலகை எழுதினேன்.
எழுதிவிட்டு
பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு
"உங்களுக்கு மட்டும் முந்நூற்றிருபது" என்றேன்.
அவர் முந்நூறு சொல்லியிருக்கிறார்.
வந்த கோபமும் அவர் ஏமாற்றியதற்கு இல்லை,
இருபது ரூபாயில் முந்திவிட்டாரே என்பதற்கு.

ஐப்பசிப் பௌர்ணமி. ஒற்றியூர் வாசலில்
நான் கொடுத்த தண்ணீர் பாட்டில்கள்
பதினொன்று அப்படியே சீட்டில் கிடந்தன,
மூடி திருகாமல்.
"தாகம் இல்லையா?" என்று கேட்டேன்.
ஓர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில்
நீயும் பெண்தானே என்று இருந்தது.
காலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை
ஒரு வாய் கிடையாது.
குடித்தால் எங்கே போவது?
நானும்தான் குடித்திருக்கவில்லை.
மூன்று வருஷமாகப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து
இதைப் பார்க்காமல்
எதிர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மீஞ்சூரில் ஒரு கல்யாண மண்டபம்,
முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும்.
இரண்டு மணி நேரத்துக்கு வாடகை பேசினேன்.
ஒற்றியூரில் தெரிந்தவர் லாட்ஜில் ஓர் அறை.
முல்லைவாயலில் டியூஷன் சென்டர் மாடி.
ஃபினாயிலும் வாளியும் நானே வாங்கி வைத்தேன்.
பலகையில் விலையைச் சின்னதாக எழுதச் சொன்னேன்,
ஐந்நூற்று இருபது.
அதற்கு மேலே பெரிதாக:
வழியில் மூன்று இடத்தில் சுத்தமான பாத்ரூம்.
பெயின்டர் பையன் சிரித்தான்.
"சாமி டூருக்கு இதெல்லாமாக்கா எழுதுவாங்க?"

கார்த்திகையில்
எட்டுப் பேரைச் சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினேன்.

மார்கழியில் கடைசி சீட்டுக்குச்
சால்வையைத் தலையோடு போர்த்தி ஏறினாள் ஒருத்தி.
துளுக்காணத்தின் மனைவி ரஞ்சிதம்.
வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்:
மண்டபம் எது, வாடகை என்ன, சாவி யாரிடம்.
தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை நான்.
மீஞ்சூரில் முகம் கழுவி வெளியே வந்தவள்
பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு
இன்னொன்று கேட்டாள்.

வீட்டில் போய் என்ன சொன்னாளோ.
எதிர்ப்பலகையில் இன்னும் விலை மட்டும்தான் இருக்கிறது.
தைப் பௌர்ணமிக்கு
தனக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து
இரண்டு சீட்டு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.
முன்பணம் முழுதும் பத்து ரூபாய் நோட்டு,
துளுக்காணத்தின் கல்லாவில் சுற்றும்
அதே பச்சை ரப்பர் பேண்டோடு.