குளிரவில்லையாம்

ஓல்டனில், பள்ளிக்கூடத்துக்குக் கீழே,
நகரசபை மலிவாக வாடகைக்கு விடுகிற பங்கரில்
சனிக்கிழமை நாலரைக்கு உலகம் முடிந்தது.
பெரியவர்களுக்குப் பத்து பிராங்க், பிள்ளைகளுக்கு இலவசம்,
இடைவேளையில் மீன் ரோல்ஸ்.

ஒரு முழக் கனத்தில் கொங்கிரீட் கதவு.
அணுகுண்டுக்கென்று கட்டி
அணுகுண்டு வராதபடியால்
எண்பத்தொன்பதில் எங்களைப் படுக்கவைத்த அறை.
மூன்றடுக்குக் கட்டில்களைப் பூட்டிய ஓட்டைகள்
சுவரில் இன்னும் இருக்கின்றன.
என்னுடைய இரண்டையும்
திரைச்சீலை மறைத்திருந்தது.

படம் அமெரிக்கப் படம்.
தமிழில் சொல்வது என் வேலை.
அந்திக்கிறிஸ்துவுக்கும் நானே,
அழுகிற விமானப் பணிப்பெண்ணுக்கும் நானே.
"ஐயோ என்ர பிள்ளை எங்கே"
என்று என் கட்டைக் குரலில் கேட்டபோது
பின்வரிசை சிரித்தது.
போதகர் கிருபைராசா திரும்பிப் பார்த்தார்.
சிரிப்பு நின்றது,
தோள்கள் நிற்கவில்லை.

இரகசிய வருகை ஒரே நொடி.
ஆட்கள் இல்லை, நாற்காலிகளில் உடுப்புகள்,
மடித்தபடி, கொலர் மேலே தெரிய.
"ஆர் மடிச்சது?" என்றாள் ஜெயசீலி.
ஆராவ் ஆஸ்பத்திரிச் சலவையறையில் பத்தொன்பது வருஷம்.
"போற அவசரத்தில ஒருத்தரும் மடிக்கமாட்டினம்.
நான் பார்த்திருக்கிறன்."
எங்கே பார்த்தாள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு அந்த ரயில்.
ஓட்டுநர் விசுவாசி. இருக்கையில் தொப்பியும் கண்ணாடியும்.
பெட்டிகள் நகரத்துக்குள் பாய்ந்து
பாலம் நொறுங்க, நான் மூச்சு வாங்கியபடி
அலறல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கையில்
யோகநேசன் எழும்பி நின்றார்.
இரவில் ரயில் கழுவுகிறவர்.
"பிழை. காலடியில ஒரு மிதி இருக்கு.
காலை எடுத்தா முதல்ல மணி அடிக்கும்,
பிறகு பிரேக் தானாப் பிடிக்கும்.
கர்த்தர் ஓட்டுநரை எடுத்தாலும்
வண்டி தண்டவாளத்திலதான் நிக்கும்."
"இவங்கள் வருகைக்கும் ஆயத்தமாத்தான் இருக்கிறாங்கள்"
என்றது இருட்டில் ஒரு குரல்.
அதற்கு மட்டும் போதகரும் சிரித்தார்.

முத்திரை குத்தும் வரிசை வந்தது.
மேசைக்குப் பின்னால் தொப்பிக்காரன் ஒருவன்
"இலக்கம்?" என்று கேட்கிறான்.
கதாநாயகன் ஏதோ சொல்கிறான்.
என் வாயில் வந்தது
அவனுடைய இலக்கம் அல்ல,
என்னுடைய அசூல் இலக்கம்,
ஒன்றும் மறக்காமல், முழுதாக.
ஒருவரும் கவனிக்கவில்லை.
இல்லை, யோகநேசன் கவனித்தார்.
அவருடையதில் கடைசி எண் மட்டும்தான் வேறு.

வெளிச்சம் போட்டதும் போதகர் கேட்டார்:
"இன்றிரவே அவர் வந்தால்?"
இருபத்திமூன்று கைகள் உயர்ந்தன.
ஒருவர் வெட்கப்பட்டு பாதிவரைக்கும் உயர்த்தினார்.
சாரோனுக்குப் பதினாறு வயது.
கிராபிக்ஸ் படுமோசம், கதை அதைவிட மோசம்,
ஆனால் அந்த உடுப்புக் குவியலுக்குப் பக்கத்தில்
நாய் அப்படியே இருந்ததே என்று
சுவிஸ் ஜெர்மனில் சொல்லி
சட்டென்று அழுதாள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கதவைத் தள்ள நாலு பேர் வேண்டும்.
மேலே உறைபனி, கார்க் கண்ணாடிகளைச் சுரண்டும் சத்தம்,
"நாளைக்கு ஆராதனை பத்துக்கு, மறக்காதேங்கோ."
நான் கதிரைகளை அடுக்கினேன்.
ஏழாம் வரிசை ஓரத்தில்
மண்ணிறக் குளிர்க்கோட்டு ஒன்று,
இரண்டாக மடித்து, கொலர் மேலே.
பையில் பாதி தீர்ந்த மின்ட் பெட்டி,
டிஷ்யூவில் சுற்றிய ரோல்ஸ், கடிக்காதது.

பத்து நாளாக எங்கள் நிலவறையில்
அரிசி மூட்டைக்கு மேலே தொங்குகிறது.
இருபத்திமூன்று பேரையும் கேட்டேன்,
கை உயர்த்தாதவர்களையும் கேட்டேன்.
அன்றிரவு மறை எட்டு பாகை.
ஒருவருக்கும்
குளிரவில்லையாம்.