நிற்கத்தான் கூடாது

பத்தொன்பது வருஷம் ஒரே கல்லுக்கு முன்னால்.
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
சாயங்காலம் நாலு மணிக்கு நின்றால்
கடைசி ஓசூர் வண்டி போகிறவரை நிற்க வேண்டும்.
மாவை வீசி, கண்ணாடி போல் இழுத்து,
மடித்து, சுருட்டி வைப்பேன்.
ஒருநாள் லுங்கியைத் தூக்கிக் கட்டும்போது
கெண்டைக்காலில் அதே சுருள்,
நான் சுருட்டாதது,
எண்ணெய் தடவாமலே மினுங்கியது.

"நரம்பு சுத்திக்கிச்சு" என்றார் சப்ளையர் தொட்டப்பா.
"கத்தி வெச்சா காலு போச்சு" என்றார்
வெங்காயம்கூட அரிந்தறியாத கேஷியர்.
கணுக்கால் தோல் டிகாஷன் நிறமாகி
மிளகளவில் ஒரு புண் திறந்தது.
மாசம் மூன்றாகியும் மூடவில்லை.
அப்புறம்தான் ராயக்கோட்டை ரோடு.

டாக்டர் ஷஹீதா என்னை நிற்கச் சொன்னார்.
அது ஒன்றுதான் எனக்குத் தெரியும், நின்றேன்.
காலில் குளிர்ந்த ஜெல்.
பக்கத்துப் பெட்டிக்குள் என் ரத்தம் இரைந்தது:
மேலே போவது ஒரு சத்தம்,
பாதியில் திரும்பி விழுவது இன்னொன்று.
"நரம்பு இல்லைங்க, ரத்தக்குழாய்.
உள்ளே சின்னச் சின்னக் கதவு இருக்கு.
உங்களுக்குச் சாத்த மாட்டேங்குது."
அணையில் மதகு பழுதானால்
தண்ணீர் யார் பேச்சைக் கேட்கும்.

நான் கேட்டது ஒன்றே:
அடைத்துவிட்டால் ரத்தம் எங்கே போகும்?
"இந்த ஊர்க்காரர்தானே நீங்க?
சென்னை ரோடு, சேலம் ரோடு, பெங்களூரு ரோடு.
ஒன்றை மூடினா லாரி வீட்டுக்குப் போயிடுமா?"

பச்சை மார்க்கரால் காலில் வழி வரைந்தார்.
முட்டிக்குக் கீழே ஓர் ஊசித்துளை,
அதற்குள் நூல் கனத்தில் ஒரு கம்பி, தொடைவரை.
குழாயைச் சுற்றிக் குளிர்ந்த மருந்துநீர்
குத்திக் குத்தி நிரப்பினார்கள். அதுதான் வலி, சொல்லிவிடுகிறேன்.
எல்லோருக்கும் கண்ணாடி மாட்டினார்கள், எனக்கும்.
கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம்
கறுப்புக் கண்ணாடி இப்போதுதான்.

எனக்குத் தெரிந்த சூடு கல்லின் சூடு,
திருப்பித் திருப்பிப் போடுகிற சூடு.
இது வேறு.
விரல் விரலாகப் பின்னால் நகர்ந்து
தான் வந்த வழியைத் தானே மூடிக்கொண்டு
வெளியே வந்துவிட்டது.
நாக்கில் மட்டும் லேசாய்க் கருகல்.
தையல் இல்லை. ஒரு பிளாஸ்திரி.

"எழுந்து நடங்க."
இப்போதேவா?
"அரை மணி நேரம். நடக்கலாம், உட்காரலாம்.
நிற்கத்தான் கூடாது."
மருந்துக்கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவே நடந்தேன்.
எங்கும் போகாமல் அரை மணி நேரம்
நடந்ததே இல்லை நான்.

முதலாளி ஒரு ஸ்டூல் போட்டார்.
கல் உயரத்துக்கு எட்டவில்லை.
இரண்டு காலி எண்ணெய் டின்மேல் ஏற்றினோம்.
வீசுகிற கைக்கு இடுப்பு இல்லாததால்
முதல் வாரம் பரோட்டா எல்லாம் ஆந்திரா மேப்.
ஒருத்தரும் திருப்பித் தரவில்லை.

உறை மாட்டுவதுதான் தினம் சண்டை.
ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் போட்டு
அதன்மேல் இறுக்கமான உறையை வழுக்கி ஏற்றி
பையை விரல்வழியே உருவ வேண்டும்.
நாகவேணி தரையில் குந்தி அதைச் செய்வாள்,
காவேரிப்பட்டணம் ரோட்டு மாங்கூழ் ஃபேக்டரியில்
சீசனுக்குச் சீசன் பெல்ட் முன்னால் நிற்கிறவள்.
அன்று சேலை கொஞ்சம் ஏறியிருந்தது.
முட்டிக்குப் பக்கத்தில் நீலமும் சிவப்புமாய்
ஈரக் காகிதத்தில் மை படர்ந்த மாதிரி கோடுகள்.

எப்போதிருந்து இது?
"எது?"
சேலையை இழுத்துவிட்டாள்.
"பங்கனப்பள்ளி முடியட்டும்."

செக்கப்புக்குத் துணைக்கு என்று கூட்டிப்போனேன்.
டோக்கன் எழுதும் பெண் பேர் கேட்டாள்.
இரண்டு பேர் சொன்னேன்.
செருப்பு ஸ்டாண்டுப் பக்கம்
போவதா இருப்பதா என்று நின்றுகொண்டிருந்தாள்.
நாற்காலியிலிருந்த என் பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.