குறைந்தபட்ச இருப்பு

கடலூர் முதுநகர், இம்பீரியல் சாலை, மாடி அறை.
பதினோரு மாத வங்கி அறிக்கை,
நூற்று அறுபத்திரண்டு தாள்.
மின்விசிறி புரட்டாமலிருக்க
மேலே ஒரு எடைக்கல் வைத்திருக்கிறேன்.
திவாலானவர் கடையில் இறால் நிறுத்த கல்.
எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை.

ஏஜெண்ட் வேதபுரீசன் வைத்திருந்தது ஒரே கணக்கு.
ஏற்றுமதிக் கம்பெனி போட்ட பணமும் அதில்தான்,
மகளின் கல்லூரிக் கட்டணம், கார் தவணை,
ஐஸ் கம்பெனி பாக்கி,
சிதம்பரத்தில் ஒரு நகைக்கடை, எல்லாம் அதில்தான்.
முத்திரைத்தாளில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்:
விற்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து எனக்கு,
மீதி படகுக்காரருடையது,
அவர்களுக்காக நான் வைத்திருப்பேன்.

வைத்திருப்பேன்.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
பதினான்கு விசைப்படகு சேர்ந்து
என்னை அமர்த்தியிருக்கிறது.

கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.
வங்கி முன்னால். டீசல் பங்க் அதற்குப் பின்னால்.
ரூபாய்க்குப் பதினேழு பைசா தேறும் என்று பேச்சு.
உரியவருக்கு வரிசை கிடையாது.
செருப்புக் கடை வாசலில் கழற்றிவிட்ட
தன் செருப்பை எடுக்க
யாரும் பில் போட்டதில்லை.

பேர்தான் அவர் பேர், பணம் உங்களுடையது என்றேன்.
"அதத்தான மொதல்லேர்ந்து சொல்றோம்" என்றார் அஞ்சாப்புலி.

எந்தப் பணம், காட்டு என்கிறது சட்டம்.
ரூபாய்க்கு மச்சம் இல்லை.
முகத்துவாரத்தில் இறங்கி
கெடிலத்துத் தண்ணீரை மட்டும் மொண்டு வா என்றால்?

இந்த இடத்தில் சட்டம் ஒரு கதை கட்டுகிறது.
கலந்து வைத்தவன்
எடுத்த போதெல்லாம் தன் காசைத்தான் முதலில் எடுத்தான்,
அடுத்தவர் காசைக் கடைசிவரை தொடவில்லை,
நகைக்கடையில் நீட்டியதும் அவன் சொந்தப் பணமே.
வேதபுரீசன் தனக்கே சொல்லிக்கொள்ளத் துணியாத பொய்.
அவருக்காக நீதிமன்றம் சொல்கிறது,
முகம் மாறாமல்.

அந்த யோக்கியரின் பின்னால்
சிவப்புப் பென்சிலோடு இரண்டு ராத்திரி நடந்தேன்.
தொண்ணூற்று ஏழாம் தாள் வரை
கூடவே வந்தார்.

மே இருபத்திமூன்று.
தடைக்காலம், படகெல்லாம் கரையில், வரவு இல்லை.
இருப்பு: ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு.

கதை இங்கே தரை தட்டுகிறது.
தன் காசு தீர்ந்த பிறகு
யோக்கியனும் அடுத்தவர் காசில்தான் கைவைக்க வேண்டும்.
பிறகு வீட்டை அடகு வைத்துப் போட்ட ஒன்பது லட்சம்
உங்களுடையது ஆகாது.
போனது போனதுதான்.

ஜூனில் படகு இறங்கியது.
மறுபடி அவரிடம் சரக்குப் போட்டது ஆறு பேர்;
அவர்கள் பணம் அறிக்கையில் தெரிகிறது,
தனித்தனியாக, தேதியோடு.
மற்ற எட்டுப் பேர் அவரை நம்பாமல் விலகியிருந்தார்கள்.
நம்பாதவர்களுக்கு இப்போது பதினேழு பைசா.
அதோடு, தரை தட்டிய தொகையைப் பதினான்காகப் பிரித்தால்
படகுக்கு எண்பத்திரண்டு ரூபாய்,
ஒரு லிட்டர் டீசலுக்குக் காணாது.

சொன்னேன்.
ஆறு பேர் சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள
ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.
அஞ்சாப்புலி எட்டில் ஒருவர்.
எடைக்கல்லைத் தூக்கி, தாளைத் தன் பக்கம் இழுத்து,
"அந்த இருவத்திமூணாந் தேதி
கடைசியா என்னாத்துக்கு எடுத்தாரு?" என்றார்.

நாலாயிரம். ஏ.டி.எம்.
தேவனாம்பட்டினம் போகிற வழி.
இரவு ஒன்பது பத்து.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
"மறுநா காலைல எம் பொண்ணு கல்யாணம்.
நாலாயிரம் மொய் வெச்சாரு.
நோட்டுல இருக்கு.
அத நான் திருப்பிச் செய்யணுமே."