எட்டு பிட்டுக்குள் குளிர்

வின்னிபெக், போர்ட்டேஜ் வீதி, ஜனவரி.
பஸ் தரிப்பிடத்து அறிவிப்புப் பலகை
காலை ஐந்தே முக்காலுக்கு அணைந்துபோகிறது.
அணையுமுன் தன் குறிப்பேட்டில்
ஒரு வரி எழுதிவைக்கிறது:
அதிக வெப்பம்.

அப்போது மைனஸ் முப்பத்தொன்று.
மூக்கு மயிர் உறைந்து குத்துகிற நேரம்.
மொய்ரா சார்ட்ராண்ட், பலகைகளைப் பார்த்துக்கொள்பவள்,
கையுறையின் ஒற்றை விரலை மட்டும் கழற்றி
எனக்கு எழுதினாள்:
"உன் பெட்டிக்குக் காய்ச்சலாம். வந்து பார்."

பார்த்தேன். இரண்டு இரவு பார்த்தேன்.
கேர்னலின் அடியில், வெப்ப உணரியோடு பேசும் கோப்பில்,
பதினோரு வருடமாக ஒருவரும் தொடாத ஒரு வரி.
எட்டு பிட். பூச்சியமும் அதற்கு மேலும்தான்.
கீழே என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.
உணரி மைனஸ் முப்பத்தொன்று என்று சொல்ல
இருநூற்று இருபத்தைந்து என்று
காதில் விழுகிறது.
இருநூற்று இருபத்தைந்தில் எது பிழைக்கும்?
கடமை தவறாமல்
தன்னை அணைத்துக்கொள்கிறது.

ஓர் எழுத்தை மாற்றினேன், ஒரே ஓர் எழுத்து.
மெய்யின் தலையில் விட்டுப்போன புள்ளியை
வைத்ததுபோல.
பழைய வரியின் முன்னால் ஒரு கழித்தல் குறி,
புதியதன் முன்னால் ஒரு கூட்டல்.
அந்தக் கோப்பு கண்ட முதல் கழித்தல்
அதுவாகத்தான் இருக்கும்.
அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போட்டேன்,
கொஞ்சம் பெருமையோடு, சீனி கூட.

கோப்பின் பொறுப்பாளர் பாட்டர்ஸ்பி
ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்து பதில் போட்டார்.
"சின்ன மாற்றம், நல்லது. ஏற்க முடியாது.
நூற்று இருபத்தெட்டைத் தாண்டினால்?
நொடிக்கு ஒருமுறைதான் வாசிக்கிறோம்,
இடையில் தாவிவிட்டால்
கொதிக்கிற சிப் தனக்குக் குளிருது என்று நினைத்து
எரிகிற மட்டும் வேலை செய்யும்."

எனக்குக் கோபம்.
"யாருடைய பெட்டி
நூற்று இருபத்தெட்டுக்குப் போகுது?"

"யாருடைய பெட்டி
பூச்சியத்துக்குக் கீழே போகப்போகுது என்று
பதினோரு வருடத்துக்கு முன் ஒருத்தன் கேட்டான்.
அவன் நான்தான். இன்றைக்கு இங்கே நாற்பத்து நாலு."

அதற்குப் பிறகு என்னத்தைக் கதைக்க.

இரண்டாம் பதிப்பை இல்ஸா திருப்பினாள்:
ஒரு வரி அகலம் மிஞ்சுகிறது,
விளக்கத்தில் "வின்னிபெக்கில் கடும் குளிர்" என்று
எழுதியிருக்கிறாய்,
அது காலநிலை, காரணம் இல்லை.
அவள் சொன்னதும் சரி.
நான் அந்த வசனத்தை விரும்பியிருந்தேன்.

சிப்பின் கையேட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கம்,
அட்டவணைக்குக் கீழே எறும்பெழுத்தில் ஒரு குறிப்பு:
பக்கத்துப் பதிவேட்டில் ஒரு பிட்,
மேற்கரை உடைந்தால் ஒன்றாகும்.
யாரும் வாசித்துப் பார்த்ததில்லை.
ஓர் எழுத்து, இப்போது அதனுடன் நாலு வரி.

சோதிக்க வேண்டுமே.
பாட்டர்ஸ்பி தன் பலகையை
உறைபெட்டியில் மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் வைத்தார்.
நான் பெயின்ட் உரிக்கும் சூடூதியை
நிலவறையில் பிடித்துக்கொண்டு நின்றேன்,
ஜன்னல் விளிம்பு வரை பனி.
அவர் என் குளிரை அனுப்பினார்: மைனஸ் பதினெட்டு, சரி.
நான் அவர் வெயிலை அனுப்பினேன்:
நூற்று முப்பத்தொன்று, அணைந்தது, சரி.
ஒரு பலகை கருகினதைச் சொல்லவில்லை.

கடைசியில் பெயர்கள்.
பிழையைச் சொன்னவர் என்று மொய்ராவைப் போடக் கேட்டேன்.
"அதால் சம்பளம் கூடுமா?"
"இல்லை."
"எத்தனை வருடம் கிடக்கும்?"
"யாராவது அந்த வரியைத் திரும்பத் தொட்டாலும் கிடக்கும்."
"அப்ப போடு. சார்ட்ராண்டில் கடைசி டி-யை விட்டுவிடாதே."

பெப்ரவரி, மைனஸ் முப்பத்து நாலு.
மொய்ராவிடமிருந்து ஒரு படம்.
பலகை எரிகிறது, மஞ்சள் எழுத்து,
பதினொன்றாம் இலக்கம், பன்னிரண்டு நிமிடம் தாமதம்.
கீழே எழுதியிருந்தாள்:
"பெட்டிக்குச் சுகம்.
பஸ்ஸுக்கு யாரிடம் சொல்ல?"