காம்பு, வகை தெரியவில்லை

ராஸ் அல் கைமா, கோர் குவைர் குவாரி.
மூன்றாம் பெஞ்சை நேற்று வெடி வைத்துச் சாய்த்தார்கள்.
இன்று காலை ஆறு சாக்கு மாதிரிக் கல்
என் மேசையில்.

இருபது மில்லி, பத்து மில்லி, ஐந்து,
அதற்கும் கீழே தூள்.
சல்லடைக்குத் தெரிந்த சாதி அவ்வளவுதான்.
பதினைந்து நிமிடம் ஆடி நின்றதும்
எடை போடு, சதவீதம் எழுது, கொட்டு.

கொட்டுமுன் பத்து மில்லித் தட்டில்
விரல் ஓட்டிப் பார்க்கும் வியாதி எனக்கு.
வட்டமாய் ஒன்று, போல்ட்டுக்குப் போடும் வாஷர்.
நடுவில் ஊசி நுழையும் துளை,
விளிம்பு சுற்றி வரிகள்,
இருபத்தைந்து ஃபில்ஸ் காசின் ஓரம்போல.
ஐந்து மூலையாய் ஒன்று:
மெஸ்ஸில் சாம்பாருக்கு நறுக்கிய வெண்டைக்காய்
கல்லாய்ப் போனால் இதுதான்.
இன்னொன்று, முறுக்கு நாழியின் நட்சத்திர அச்சு.

மூன்று டீத்தூள் டப்பா வைத்துப்
பதினோரு மாதம் பிரித்துப் போட்டேன்.
மூன்று இனம் கண்டவன் என்று
ராத்திரிகளில் எனக்கு நானே கொஞ்சம் பெரிய ஆள்.

வியாழக்கிழமை நிலவியல் துறையிலிருந்து வந்த
ருகையா அல் ஷெஹ்ஹி
ஒரு சில்லைக் குறடால் உடைத்தாள்.
எனக்குத்தான் வலித்தது.
உடைந்த முகம் முழுக்க ஒரே சாய்வில் பளிச்சென்றது.
"ஒவ்வொரு துண்டும் ஒற்றைப் படிகம்" என்றாள்.
"ஸனாபிக் அல் பஹ்ர்."
கடல் அல்லி, என்றேன் நான்.
இரண்டு மொழியும் ஏமாந்திருக்கிறது.
காம்பு உண்டு, இதழ்போல் கைகள் உண்டு.
வாயும் உண்டு, குடலும் உண்டு,
கழிப்பது வாய்க்குப் பக்கத்திலேயே.
ஓரறிவு என்று பூவில் சேர்த்துவிட்டோம்,
அள்ளி அள்ளித் தின்ற ஓர் உயிரை.

பிறகு டப்பாக்களைத் திறந்து பார்த்தாள்.
சிரிக்கவில்லை; அது மரியாதை.
"ஒரே காம்பு மேலே நட்சத்திரமாய் இருக்கும்,
நடுவில் ஐங்கோணம், கீழே போகப் போக வட்டம்.
மூன்றும் ஒன்றாகவே இருக்கலாம்.
மூன்றாகவும் இருக்கலாம்.
கிண்ணம் வேண்டும்.
கைகள் முளைக்கும் அந்தச் சின்னக் கிண்ணம்.
அதன் அடியில் தட்டுகள் ஒரு வரிசையா, இரண்டா
என்று எண்ணினால்தான் பெயர்."

செத்த சில நாளில் நார் அழுகி
காம்பு தானே கழன்றுவிடுமாம்,
கண்ணி கண்ணியாய்.
கிண்ணம் எங்கே உருண்டதோ.
தாடைக் கிரஷரில் நேற்றே மாவாகிப் போனதோ.

அவள் போன பிறகு
மூன்று டப்பாவையும் ஒரே தட்டில் கவிழ்த்தேன்.
சத்தம் பெரிதாக இல்லை.

அறிக்கையில் 'குறிப்பு' என்ற கட்டத்தில்
காம்பு, வகை தெரியவில்லை என்று எழுதினேன்.
தேவஸ்ஸி சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"இதனால கல்லோட வலு குறையுமா?"
"குறையாது சார்."
"அப்புறம் எதுக்கு?"
அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாலைக் கப்பலில் நாற்பதாயிரம் டன்,
எந்த நாட்டுக் கரையிலோ தீவு போட.
கன்வேயர் முனையிலிருந்து கொட்டும்போது
வெள்ளைப் புழுதி எழுந்து, தயங்கி,
தண்ணீரில் படிகிறது.
எத்தனை கோடி வருடத்துக்குப் பிறகோ
உப்புத் தண்ணீர்.

நாளை நான்காம் பெஞ்ச் வெடிக்கிறார்கள்.
டீத்தூள் டப்பா ஒன்று போதும்.