கால் விட்ட சொல்

பதினோராயிரம் வரிகள்.
யாருக்கும் வேண்டாதவை என்கிறான் ஸ்பினேக்.
வெண்பலகையில் சிவப்பு மையால் வட்டமிடுகிறான்,
வட்டத்துக்குள் வட்டம்,
உள்வட்டத்தில் நிற்கிறது
நான் எழுதிய சொல்.

பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு டிசம்பர் இரவு,
பிர்னோவில் கடைசி டிராமும் போய்விட்ட பிறகு,
முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலில்
வெப்பநிலை என்று அடிக்கவேண்டிய இடத்தில்
ஓர் எழுத்து விட்டேன்.
கால் விட்ட சொல்
அப்படியே வெளியூர் போனது.

சரியான பெயரைப் பிறகு சேர்த்தோம்.
பழையதைக் கூப்பிட்டால் புதியது ஓடிவர
நடுவில் ஓர் ஆளை நிறுத்தினோம்.
அந்த ஆளைக் கவனிக்க ஒரு சோதனை,
சோதனை தோற்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை.
என் ஞாயிறுகள். ஸ்பினேக்கின் ஞாயிறுகளும்தான்.
மகள் நடக்கத் தொடங்கியதை
அவன் கைபேசியில்தான் பார்த்தான்.

"மூன்று வருடமாக எச்சரிக்கை அச்சாகிறது.
பத்துப் பேர் தடுக்கி விழுகிற படியை
ஒருவர் பழகிவிட்டார் என்று விட்டுவைப்பதா?"

குவெட்டா சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே,
"அச்சாகிறது, சரி. எந்தத் திரையில்?
திரையே இல்லாத பெட்டிக்குள்
யார் போய்ப் படிப்பது?" என்றாள்.

பிறகு அந்தக் கடிதத்தை எடுத்தாள்.
பாரோ தீவுகள், கிளாக்ஸ்விக்,
மீன் குளிர்கிடங்கு. எழுதியவர் ஹேதின்.
"போன தடவை நீங்கள் ஏதோ ஒன்றை நீக்கினீர்கள்.
மணி அடிக்கவில்லை.
நான்கு டன் காட் மீன் இளகிப்போயிற்று."
அவ்வளவுதான். திட்டவில்லை.
படம் ஒன்று இணைத்திருந்தார்:
ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ்,
சுவரில் மஞ்சள் பெட்டி,
பெட்டிமேல் பித்தளைத் தகட்டில்
பொறித்திருக்கிறது என் பிழை,
அதே குறையோடு.
"அந்த மணிக்கு இங்கே இதுதான் பெயர்.
உங்கள் ஊர்ச் சொல் என்றே நினைத்திருந்தோம்."

ஸ்பினேக் சிரித்துவிட்டான். நானும்.
பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை.
கீழே டிராம் போனது.

கை தூக்கச் சொன்னார்கள்.
நீக்கலாம் என்று தூக்கினேன்.
சுத்தம், வேகம், புதிதாக வருகிறவர்களின் வசதி,
கேட்டிருந்தால் இன்னும் நாலு சொல்லியிருப்பேன்.
தகட்டைப் பார்த்துக் கண் கூசியது
ஒன்றுதான் காரணம் என்பது
வீட்டுக்குப் போகும் வழியில்,
ஸ்விராட்கா ஆற்றுப் பாலத்தில்
கையுறையைத் தேடும்போது தெரிந்தது.

மூன்றுக்கு நான்கு. தோற்றோம்.
பிழை பிழைத்துக்கொண்டது.

பிப்ரவரியில் ஸ்பினேக் விலகினான்.
எல்லாவற்றையும் நகலெடுத்து, வெட்டி, துடைத்து
தனியாக ஒன்று வெளியிட்டான்.
அழகாக இருக்கிறது. எடை ஐந்தில் ஒரு பங்கு.
என் சொந்த வேலைகளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.
குவெட்டாவிடம் சொல்லவில்லை.

ஞாயிறுகளில்
பழைய கோப்பைத் திறக்கிறேன்.
போன வாரம் வந்து சேர்ந்த பையன்
ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பெயர் என்று கேட்டான்.
பதில் சொல்ல ஆரம்பித்து
காய்ச்சல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.
சொல்லுக்கு மேலே ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன்:

பிழைதான். தொடாதே.
உள்ளே மீன் இருக்கிறது.